வெளிநாட்டுல தெரியாதவங்க சும்மா குடுத்தா வாங்கிக்கலாமா?

கேள்வி: 2 நவம்பர் 2025

வர்ற மார்ச்ல ஜப்பான் போறேன், தனியா. ஷிகோகு தீவுல 88 கோயில் நடைபயணம் இருக்குல்ல, அதுல கொஞ்ச தூரம் நடக்கலாம்னு ப்ளான். வீடியோல பாத்தா நடக்கறவங்களுக்கு ஊர்க்காரங்க ஆரஞ்சு, டீ, சில சமயம் காசுகூட குடுக்கறாங்க. எனக்கு இது உறுத்துது. சும்மா எவன் குடுப்பான்? ஹனோய்ல ஒரு அம்மா பழக்கூடையை என் தோள்ல மாட்டிவிட்டு போட்டோ எடுத்துக்கோன்னு சொல்லிட்டு அப்புறம் காசுக்கு விடவே இல்ல. அதனால நாசூக்கா வேண்டாம்னு சொல்றது எப்படின்னு யாராவது சொல்லுங்க.

2 நவம்பர், இரவு 10:40

வாங்கறது எப்படின்னு கேளுங்க, அதுதான் உங்களுக்கு தேவைப்படும்.

நான் 2024 மார்ச் கடைசியில நடக்க ஆரம்பிச்சேன். முழுச் சுத்து இல்ல, அது சுமார் 1200 கிலோமீட்டர், அவ்வளவு லீவு எந்த ஆபீஸ்ல குடுப்பான். தீவுல நாலு மாகாணம், அதுல தொகுஷிமா முழுக்க நடந்தேன், கோச்சில பெரும்பகுதி நடந்தேன், எஹிமேல பாதி பஸ்ஸு பாதி ரயிலு, ககாவா எட்டிப் பாத்ததோட சரி. (இது நம்ம கொச்சி இல்ல. எங்கம்மா ஃபோன்ல "கேரளாவுக்கு எதுக்குடி ஜப்பான் வழியா போற"ன்னு நிஜமாவே கேட்டாங்க.)

அங்க இப்படிக் குடுக்கறதுக்கு ஒசெத்தாய்னு பேரு. டூரிஸத்துக்காக யாரோ ஆரம்பிச்ச ஏற்பாடு இல்ல, சில நூறு வருஷமா நடக்குது. கோபோ தாய்ஷின்னு ஒரு மகான், 774ல பொறந்து 835ல மறைஞ்சவர், ஷிங்கோன்ங்கற பௌத்தப் பிரிவை ஜப்பான்ல நிலைநாட்டினவர். நடக்கற ஒவ்வொருத்தர் கூடவும் அவரும் நடக்கறார்ங்கறது நம்பிக்கை, நீங்க ஊனிட்டுப் போற தடிதான் அவர். அதனால பாட்டி ஆரஞ்சை நீட்டறப்ப அது உங்களுக்கு மட்டும் போற ஆரஞ்சு இல்ல. வேண்டாம்னு கைய ஆட்டினீங்கன்னா அவங்களுக்கு சேர வேண்டிய புண்ணியத்துல நடுவுல நின்னு கட்டையப் போடறீங்க.

ஹனோய் கூடை கதை எனக்கும் தெரியும். பிரிச்சுப் பாக்க ஒரு வழி இருக்கு, ஷிகோகுல குடுத்தவங்க நிக்க மாட்டாங்க. நீங்க பேக்கை எறக்கி ஜிப்பைத் தொறந்து நன்றி சொல்ல நிமிர்றதுக்குள்ள சைக்கிள் பாதித் தெரு போயிருக்கும்.

3 நவம்பர், காலை

யாரோ "பழனி பாதயாத்திரையில ரோட்டோரம் மோர் குடுக்கற மாதிரியா அக்கா"ன்னு கேட்டிருக்காங்க. ஆமா, கிட்டத்தட்ட அதேதான். ஆனா பழனிக்கு போறப்ப கூட்டம் கூட்டமா போவோம், பந்தல் போட்டு மைக்ல கூப்பிட்டுக் குடுப்பாங்க. ஷிகோகுல பல இடத்துல நீங்க ஒருத்தர், அவங்க ஒருத்தர், நடுவுல ஒரு வயலு, அவ்வளவுதான், அதனாலதான் கூச்சமா இருக்கு, கூட்டத்துல டம்ளரை நீட்டறது சுலபம்.

பந்தல் மாதிரி மொத்தமா குடுக்கற வழக்கமும் இருக்கு. கடலுக்கு அந்தப் பக்கம் வகயாமால இருந்து குழுவா படகேறி வந்து முதல் கோயில் ரியோசென்ஜில உக்காந்து வர்றவங்களுக்கெல்லாம் குடுக்கறது எதோ காலத்துல இருந்து இருக்கு. எதோங்கறது அங்க தோக்குகவா ஆட்சிக் காலம், "ஏதோ"ன்னு படிச்சுக் கொழப்பிக்காதீங்க.

3 நவம்பர், மதியம்

நடைமுறை. வாங்கினா பதிலுக்கு குடுக்க ஒண்ணு இருக்கு, ஒசமெஃபுதான்னு மெல்லிசான காகிதச் சீட்டு. முதல் கோயில்லயே கட்டு கட்டா கிடைக்கும், வெலை ரொம்பக் கம்மி. அதுல தேதி, பேரு, ஊரு, ஒரு வேண்டுதல் எழுதிக்கணும். ஒவ்வொரு கோயில்லயும் பெட்டில போடறதும் இதேதான், யாராவது ஏதாவது குடுத்தா அவங்க கையில குடுக்கறதும் இதேதான். முடிஞ்சா "நமு தாய்ஷி ஹென்ஜோ கொங்கோ"ன்னு மூணு தடவை சொல்லுங்க. எனக்கு முதல்ல நாக்கு சுத்திக்கிச்சு. ஒரு பாட்டி என்கூட சேந்து சொல்லிக் குடுத்து, நான் சரியா சொன்னதும் கைதட்டி இன்னொரு ஆரஞ்சு குடுத்தாங்க, அதுக்கு இன்னொரு சீட்டு.

சீட்டுல கலர் இருக்கு. நாலு சுத்து வரைக்கும் வெள்ளை, அஞ்சாவதுல இருந்து பச்சை, அப்புறம் சிவப்பு, இருபத்தஞ்சு சுத்துக்கு மேல வெள்ளி, அம்பதுக்கு மேல தங்கம், நூறு தாண்டினா சரிகை நெசவு. சரிகைச் சீட்டு கிடைச்சா அதிர்ஷ்டம்னு கோயில் பெட்டியில தேடறவங்களே உண்டு. நூறு சுத்து யார் போவான்னு நெனைக்காதீங்க, நகத்சுகசா மொஹேய்னு ஒருத்தர் 280 சுத்து நடந்திருக்கார், 1922ல செத்தார், அவர் நட்டு வெச்ச வழிகாட்டிக் கல்லு இன்னும் நிறைய இடத்துல நிக்குது. நம்ம வெள்ளைச் சீட்டோட போனா போதும்.

வீட்டு முழு அட்ரஸ் எழுதாதீங்க. "மதுரை, இந்தியா"ன்னு மட்டும் எழுதினேன். தமிழ்லயும் எழுதுங்க, அதைத்தான் அவங்க ரொம்ப நேரம் பாப்பாங்க, "ழ"வைத் தடவிப் பாத்த ஆள்கூட உண்டு.

3 நவம்பர், இரவு

சாப்பாட்டு விஷயம், நான் பொறப்புல இருந்து சைவம். ஜப்பான்ல சைவம்னா என்ன கஷ்டம்னு போயிட்டு வந்தவங்களுக்குத் தெரியும், உதோன் நூடுல்ஸ் குழம்புல இருந்து எல்லாத்துலயும் மீன் சாறு, கண்ணுக்குத் தெரியாது. கடையில நாமளா வாங்கறப்ப பாத்து வாங்கலாம். ஒருத்தர் கையால குடுக்கறப்ப?

கோச்சி எல்லை தாண்டி ஒரு மீன்பிடி ஊரு, வீட்டு வாசல்ல வலை காயுது, ஒரு அம்மா என்னைப் பாத்துட்டு "ஒஹென்ரோசான்!"னு (இந்த யாத்திரை நடக்கறவங்களை அப்படித்தான் கூப்பிடுவாங்க) கூப்பிட்டு உள்ள ஓடி, பிளாஸ்டிக் கவர்ல சுத்தின ரெண்டு சோத்து உருண்டை எடுத்துட்டு வந்தாங்க. இன்னும் சூடா இருந்தது, கவருக்குள்ள ஆவி புடிச்சிருந்தது, உப்புத் தொட்ட கையால அழுத்தின விரல் தடம் சோத்துல தெரிஞ்சுது. கோச்சி கத்சுவோ மீனுக்குப் பேர்போன இடம். உள்ள என்ன இருக்கும்னு கேக்காமலே தெரியும், மோந்தாலும் தெரியும்.

வாங்கினேன், சீட்டு குடுத்தேன், மந்திரம் சொன்னேன், கும்பிட்டேன். கொஞ்ச தூரத்துல ஓய்வுக் குடில்ல ஒசாகாக்கார காலேஜ் பையன் ஒருத்தன் செருப்பைக் கழட்டிப் போட்டு கொப்புளத்துக்கு பிளாஸ்டர் ஒட்டிட்டு இருந்தான், அவன்கிட்ட குடுத்துட்டேன். அவன் ரெண்டையும் ரெண்டே வாயில முடிச்சுட்டு எனக்கு ஒரு சீட்டு குடுத்தான். அப்ப நானும் ஒசெத்தாய் பண்ணினவ ஆயிட்டேன், அந்த அம்மா கணக்குல பாதி திருடி.

4 நவம்பர், காலை

"அதை நேரா சொல்லியிருக்கலாமே, சைவம்னு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டாங்க"ன்னு ஒருத்தர். கடையில, தங்கற விடுதியில கண்டிப்பா சொல்லுங்க, முன்கூட்டியே சொல்லுங்க, நான் ஒரு அட்டையில எழுதி வெச்சிருந்தேன். ரோட்டோரத்துல அவங்க வீட்டு அடுப்புல இருந்து எடுத்துட்டு வந்து நிக்கறப்ப என்னால முடியல. சொல்லியிருந்தா அவங்க திரும்ப உள்ள ஓடி வேற ஏதாவது தேடியிருப்பாங்க. அது இன்னும் மோசம் சார்.

4 நவம்பர், மதியம்

இல்ல, ஒரு கடி கூட கடிக்கல. ஏன் எல்லாரும் அதையே கேக்கறீங்க.

5 நவம்பர்

காசு பத்தி. ஆமா குடுப்பாங்க. நூறு யென், ஐநூறு யென் நாணயம். ஒருத்தர் சின்ன லாரியை ரோட்டோரம் ஒதுக்கி, கண்ணாடியை எறக்கி, உள்ளங்கையில நாணயத்தை வெச்சு நீட்டினார், நான் சாம்பல் கலர் ரெயின்கோட்ல நனைஞ்ச கோழி மாதிரி இருந்தேன். ஊர்ல மாசச் சம்பளம் வாங்கறவ, விமானம் ஏறி வந்தவ, விவசாயம் பண்ற எழுவது வயசு ஆள்கிட்ட கை நீட்டி காசு வாங்கறேன். வாங்கற வரைக்கும் உடம்பு கூசுச்சு, அவர் முகத்தைப் பாத்தா அவருக்கு ஒண்ணுமே இல்ல, டோல்கேட்ல சில்லறை குடுக்கற மாதிரி குடுத்துட்டு கெளம்பிட்டார்.

இந்தக் காசை என்ன பண்றதுன்னு நடக்கறவங்களுக்குள்ள ரெண்டு கட்சி இருக்கு. அடுத்த கோயில் உண்டியல்ல போடணும்னு ஒரு கட்சி. அவர் உனக்கு டீ குடிக்கத்தான் குடுத்தார், உண்டியலுக்குன்னா அவரே போட்டிருப்பார்னு இன்னொரு கட்சி. நான் ரெண்டாவது கட்சி. அடுத்து வந்த, காசு போட்டா பானம் தர்ற மெஷின்ல சூடா ஒரு சோளச் சூப்பு கேன் வாங்கி அங்கயே நின்னு குடிச்சேன். (சூப்புல பால் இருக்கும், மீன் இல்லைன்னு நம்பிட்டேன், ஆராய்ச்சி பண்ணாதீங்க.)

கோயில் முத்திரைக்கு ஆகற செலவையும் சேத்து வெச்சுக்கோங்க, ஒவ்வொரு கோயில் கவுன்டர்லயும் நம்ம நோட்டுல பிரஷ்ஷால எழுதி முத்திரை வெச்சுக் குடுப்பாங்க. நான் ஆரம்பிச்சப்ப நோட்டுல ஒரு முத்திரை 300 யென், ஏப்ரல் ஒண்ணாம் தேதில இருந்து 500 ஆக்கிட்டாங்க, காலைல 7 மணிக்குத் தொறந்த கவுன்டரும் 8 மணி ஆயிடுச்சு, சாயங்காலம் 5 மணிக்கு மூடறதுல மட்டும் மாத்தம் இல்ல. 88ஆல பெருக்கிப் பாத்தீங்கன்னா அந்த லாரிக்காரர் நாணயத்தோட மதிப்பு தெரியும்.

6 நவம்பர், இரவு

கார்ல ஏத்திக்கறேன்னு கூப்பிடுவாங்க, அதைப் பத்தி கேட்டது நல்லது. 23ஆவது கோயில் யாகுஓஜில இருந்து 24ஆவது, முரோத்தோ முனையில இருக்கற ஹொத்சுமிசாகிஜி வரைக்கும் சுமார் 75 கிலோமீட்டர், நடுவுல கோயில் கிடையாது. 55ஆம் நம்பர் ஹைவே, இடது பக்கம் பசிஃபிக், வலது பக்கம் மலை, உங்களுக்கு நடுவுல ரெண்டடி வெள்ளைக் கோடு. அங்கதான் அதிகமா வண்டி நிக்கும்.

வாங்காம இருக்கக் கூடாதுங்கற விதி காருக்கு மட்டும் தளர்வு. தடியைக் காட்டி, காலைக் காட்டி, "நடக்கறேன்"னு சொன்னா அவங்களுக்கு டக்குனு புரியும், கோவிச்சுக்க மாட்டாங்க, பின் சீட்ல இருந்து ஒரு டீ பாட்டிலாவது எடுத்துக் குடுத்துட்டுத்தான் போவாங்க.

தனியா போற பொண்ணா நான் வெச்சிருந்த கணக்கு: தம்பதியா இருந்தா, இல்ல ஒரு அம்மா ஓட்டினா, மழையா இருந்தா, ஏறலாம். தனி ஆம்பள ஓட்டற வண்டின்னா கும்பிடு போட்டுட்டு நடை. அவங்கள்ல முக்காவாசி பேர் தங்கமானவங்கன்னு எனக்குத் தெரியும், எவன் மிச்சம் கால்வாசின்னு நெத்தியில எழுதியிருக்காதே. இலவசத் தங்குமிடமும் அப்படித்தான், கோயிலோ ஊர்க்காரரோ சும்மா விடற அறைங்க வழியெல்லாம் இருக்கு, சிலதுல பொண்ணுங்க தனியா தங்க வேண்டாம்னு நடக்கறவங்களே சொல்லிடுவாங்க. அந்தப் பேச்சைக் கேளுங்க.

கால் முடியலன்னா வண்டியும் இருக்கு. கன்னோஉரா பக்கம் ஒரு விசித்திரம், 2021 டிசம்பர்ல இருந்து ஓடுது, ரோட்ல பஸ்ஸா போகும், ஸ்டேஷன் வந்ததும் வயித்துக்குள்ள இருந்து இரும்புச் சக்கரத்தை எறக்கி தண்டவாளத்துல ரயிலா போகும். பக்தி போனாலும் பரவால்லன்னு அதுல ஒரு தடவை ஏறிட்டேன்.

8 நவம்பர், காலை

"நீங்க ஃபாரினர், அதான் குடுக்கறாங்க, உள்ளூர்க்காரனுக்கு யார் குடுப்பான்." இதை மூணு பேர் வேற வேற மாதிரி எழுதியிருக்கீங்க.

உள்ளூர்க்காரங்களுக்கும் அதே ஆரஞ்சுதான். எனக்கு முன்னாடி நடந்த நாகோயாக்கார தாத்தா பையில என்னைவிட அதிகம் இருந்தது, எடை தாங்காம என்கிட்ட தள்ளிவிட்டார். தோல் கலர், பாஸ்போர்ட் இதெல்லாம் விட ட்ரெஸ்தான் வேலை செய்யுது. வெள்ளை மேல்சட்டை, கூம்புத் தொப்பி, தடி. இந்த மூணும் இருந்தா நீங்க ஒஹென்ரோசான். ஒரு நாள் வெள்ளைச் சட்டையைத் தொவைச்சுப் போட்டுட்டு சாதா டீ-ஷர்ட்ல மார்க்கெட் பக்கம் போனேன், அதே ஊர், நேத்து ஆரஞ்சு குடுத்த அதே தெரு, எவரும் திரும்பிப் பாக்கல. பாக்கவும் வேண்டாம், ஜப்பான்ல அது ஒரு நிம்மதி.

சின்னச் சின்ன விஷயத்தையும் கவனிப்பாங்க. பாலத்து மேல தடியை ஊனக் கூடாது, தாய்ஷி ஒரு ராத்திரி பாலத்துக்கு அடியில படுத்திருந்தார், தட்டினா தூக்கம் கெடும்னு. ஓசுங்கற ஊர்ல அந்தப் பாலமே இருக்கு, அடியில படுத்த நெலையில சிலை, மேல ஊர்க்காரங்க போத்திவிட்ட போர்வை. நான் ஒரு வாய்க்கால் பாலத்துல தடியைத் தூக்கிப் புடிச்சுட்டு போறதை எதிர்ல நாய் புடிச்சுட்டு வந்தவர் பாத்துட்டார், தாண்டினதும் கூப்பிட்டு சட்டைப் பைல இருந்து ரெண்டு மிட்டாய்.

8 நவம்பர், கொஞ்சம் கழிச்சு

மேல எழுதினதைப் படிச்சா எல்லாருக்கும் ஒரே மாதிரி குடுக்கறாங்கன்னு தோணும். அப்படி இல்ல. வீடு வாசல் இல்லாம சுத்திச் சுத்தி வர்றதையே பொழப்பா வெச்சிருக்கற யாத்ரீகர்களும் பாதையில இருக்காங்க, அதே வெள்ளைச் சட்டைதான், அழுக்கா இருக்கும். அவங்களைப் பாத்தா கதவு சாத்தறதையும் பாத்தேன்.

பழைய கதையும் கரடுமுரடுதான். இப்ப கோச்சியா இருக்கற தோசா ராஜ்யம் அந்தக் காலத்துல யாத்ரீகர்களை குறிப்பிட்ட எல்லைச் சாவடி வழியாத்தான் விட்டுச்சு, பாதை விட்டு விலகக் கூடாது, தேவையில்லாம தங்கக் கூடாது. தொழுநோய் வந்து வீட்டை விட்டுத் தொரத்தப்பட்டவங்க சாகற வரைக்கும் இந்தச் சுத்துல நடந்திருக்காங்க, பிச்சைச் சோறுதான் உசுரு. பாதையோரம் பாசி புடிச்ச சின்னக் கல்லு கல்லா தெரியும், நிறைய அவங்க மாதிரி ஆளுங்க சமாதி. அப்புறம் அரசாங்கமே புடிச்சு அடைச்சுது, தகமாத்சு கடல்ல ஒஷிமா தீவுல 1909ல தொழுநோய் விடுதி வந்தது, அடைச்சு வைக்கற சட்டம் 1996 வரைக்கும் இருந்தது. வெளிய வர முடியாதவங்க அந்தத் தீவுக்குள்ளயே 88 கல் சிலை வெச்சு சுத்தி வந்திருக்காங்க.

2014ல வேற, யாத்திரையோட 1200ஆவது வருஷம்னு கொண்டாட்டம் நடந்த அதே வருஷம், கொரியாக்காரங்களுக்கு எதிரா நோட்டீஸ் அடிச்சு ஓய்வுக் குடில்கள்ல ஒட்டியிருந்தாங்க. கொரியப் பொண்ணு ஒருத்தங்க அதிகாரபூர்வ வழிகாட்டி ஆனது யாருக்கோ பிடிக்கல. உள்ளூர்க்காரங்க பல பேர் கிழிச்செறிஞ்சாங்கங்கறதும் உண்மை, ஒட்டினதும் உண்மை.

அதனால "ஜப்பான்காரங்கன்னா தெய்வம்"னு கமென்ட் போட்ட தம்பி, கொஞ்சம் மெதுவா.

9 நவம்பர்

ட்ராக் மாறுது, ஆனா இதைச் சொல்லாம விட முடியாது. இந்த தாய்ஷி 804ல சீனாவுக்குப் போய் சாங்ஆன் நகரத்துல ஹுய்குவோங்கற குருகிட்ட கத்துக்கிட்டவர். ஹுய்குவோவோட குரு அமோகவஜ்ரர், அவரோட குரு வஜ்ரபோதி. வஜ்ரபோதி நம்ம பக்கத்து ஆளு, தெற்குல இருந்து கடல் வழியா சீனா போனவர், காஞ்சிபுரத்துப் பல்லவ ராஜாவோட தொடர்பு அவருக்கு இருந்ததா பௌத்த வரலாறு சொல்லுது. ஷிங்கோன் கோயில்கள்ல எட்டு குருமார் படம் வரிசையா இருக்கும், அதுல மூணாவது அவர்.

ஒரு கோயில் முத்திரை கவுன்டர்ல இதை ஃபோன் மொழிபெயர்ப்புல சொல்லிப் பாத்தேன், நானும் அவர் ஊர்ப் பக்கம்தான்னு. பிரஷ்ஷும் மசியுமா உக்காந்திருந்த பெரியவர் எழுந்தே நின்னுட்டார். எனக்கு சங்கடம் ஆயிடுச்சு, மதுரைக்கும் காஞ்சிபுரத்துக்கும் உள்ள தூரத்தை அவருக்கு எப்படி விளக்கறது.

9 நவம்பர், இரவு

காஞ்சிபுரத்துக்காரர் ஒருத்தர் உரிமை கொண்டாடியிருக்கார். எடுத்துக்கோங்க.

12 நவம்பர்

கேள்வி கேட்டவர் இதை ப்ரின்ட் எடுத்து வெச்சுக்கணும். வாங்கறது பாதிதான், நாம அங்க கெடுத்துட்டு வராம இருக்கறதும் இருக்கு.

பாதையில சின்னக் குடும்ப விடுதிங்க, ஒரு பாட்டியும் மருமகளும் நடத்தறது. ஆன்லைன் புக்கிங் பலதுல இல்ல, ஃபோன் பண்ணணும், ஜப்பான் மொழியில. நமக்குத் தெரியாது. அப்ப என்ன நடக்கும், இன்னிக்குத் தங்கற விடுதி அம்மா, இல்ல கோயில் ஆள், இல்ல கடைக்காரர், அவங்க ஃபோன்ல அடுத்த விடுதிக்குக் கூப்பிட்டு "இந்தியாவுல இருந்து ஒரு ஒஹென்ரோசான், மீன் சாப்பிட மாட்டாங்க, நாளைக்கு நாலு மணிக்குள்ள வந்துடுவாங்க"ன்னு பேசி வெப்பாங்க. அந்தப் பாட்டி காலைல கடைக்குப் போய் உங்களுக்குன்னு தோஃபுவும் காயும் வாங்கி வெப்பாங்க. நீங்க கால் வலி, மழை, மூடு சரியில்லன்னு வேற எங்கயோ தங்கிட்டு ஒரு வார்த்தை சொல்லாம விட்டா, அந்தச் சாப்பாடு குப்பைக்குப் போகும், ஆறு மணிக்கு மேல உங்களைத் தேட வேற ஆரம்பிப்பாங்க. பாட்டி பணம் போச்சுன்னு சொல்ல மாட்டாங்க. ஃபோன் பண்ணி வெச்ச அந்த மொதல் அம்மாவுக்குத்தான் முகம் போகும், அடுத்த தடவை வெளிநாட்டு ஆளுக்குப் பேச யோசிப்பாங்க. ஒரு விடுதியில நான் உள்ள நுழைஞ்சதும் "நிஜமாவே வந்துட்டீங்களா"ங்கற மாதிரி ஒரு பார்வை, முந்தின நாள் ரெண்டு பேர் வராமப் போன கதையை அப்புறம் சொன்னாங்க. எந்த நாட்டுக்காரங்கன்னு நான் கேக்கல, நம்ம நாடா இருந்துடுமோன்னு பயம்.

வர முடியலன்னா கூப்பிட்டு சொல்லிடுங்க, பக்கத்துல இருக்கற யாரையாவது பேசச் சொன்னா பேசுவாங்க.

15 நவம்பர்

முதல் நாள் நான் எழுதினது, குடுக்கறது நமக்கு மட்டும் இல்ல, தடியா கூட வர்ற தாய்ஷிக்கும்னு. அதையே எல்லாரும் புடிச்சுக்கிட்டு "அப்ப இது அன்பு இல்ல, மதச் சடங்கு"ன்னு ஓட்டறீங்க. ரெண்டு நாளா எனக்கே அது அரிச்சுட்டு இருக்கு.

முரோத்தோவுக்கு முன்னாடி ஒரு சின்ன ஊரு, கடலோரம், மழைன்னா மழை, குடை எல்லாம் திருப்பிப் போட்டுடும். ஷட்டர் எறக்கின ஒரு பழைய சலூன் வாசல்ல ஒதுங்கினேன். உள்ள இருந்த அம்மா ஷட்டரைப் பாதி தூக்கி, கையப் புடிச்சு இழுக்காத கொறையா உள்ள விட்டாங்க. சலூன் ஓடி பல வருஷம் ஆயிருக்கும், நாற்காலி மேல பழைய துணி மூட்டை. என் ஷூவைக் கழட்டச் சொல்லி, பேப்பரைக் கசக்கி உருட்டி உள்ள திணிச்சு, நனைஞ்சதும் எடுத்துட்டு வேற பேப்பர், மறுபடியும் வேற பேப்பர், நடுவுல தலைமுடி காய வெக்கற அந்தப் பெரிய ஹூட் மெஷினைப் போட்டு ஷூவை அதுக்குள்ள வெச்சாங்க. ரெண்டு ஷூ பியூட்டி பார்லர்ல உக்காந்திருக்கற மாதிரி. ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே பாத்துட்டு இருந்தோம்.

கெளம்பறப்ப சீட்டை நீட்டினேன். வாங்கல. ஃபோன்ல பேசிக் காட்டினாங்க, அவங்களுக்கு தாய்ஷி மேல எல்லாம் நம்பிக்கை கிடையாது, அவங்க மாமியார்தான் எல்லாருக்கும் குடுப்பாங்களாம், "எனக்கு உன் ஷூவைப் பாக்க சகிக்கல, அவ்வளவுதான்"னு. மாமியார் காலத்துச் சீட்டெல்லாம் வீட்டு உத்தரத்துல வைக்கோல் மூட்டையில கட்டித் தொங்கவிட்டிருந்தாங்களாம், வீட்டுக்குக் காவல்னு. அந்தப் பக்கத்துப் பழைய வழக்கம் அது. மூட்டை இப்ப எங்கன்னு கேட்டதுக்குக் கையை விரிச்சாங்க.

இதை எந்தக் கணக்குல வெக்கறதுன்னு எனக்குத் தெரியல. மாமியார் குடுத்துப் பழகின வீட்டு வாசல்ல ஒதுங்கினதாலதான் ஷட்டர் தொறந்துச்சோ என்னவோ. சடங்கு, அன்புன்னு ரெண்டு டப்பா வெச்சுட்டுப் பிரிக்கறவங்க பிரிச்சுக்கோங்க, என் ஷூ காஞ்சுது.

16 நவம்பர்

"வாங்காம துரத்தினா என்ன ஆகும், சாபமா"ன்னு கிண்டலாக் கேட்டவருக்கு, ஆமா, அதுக்கே கதை இருக்கு. எமோன் சபுரோன்னு எஹிமே பக்கத்துப் பணக்காரன், பிச்சைக்கு வந்த துறவியை அடிச்சு வெரட்டி அவர் திருவோட்டை ஒடைச்சான். அப்புறம் அவனோட எட்டுப் பிள்ளைங்களும் ஒவ்வொண்ணா செத்துது. வந்தவர் தாய்ஷின்னு தெரிஞ்சு தேடிக் கெளம்பி இருபது சுத்து நடந்தும் பாக்க முடியல, இருபத்தோராவது சுத்துல தலைகீழா நடந்தான், 12ஆவது கோயில் ஷோசான்ஜி மலையில விழுந்து சாகக் கெடக்கறப்ப எதிர்ல வந்தார். லீப் வருஷத்துல தலைகீழா சுத்தினா புண்ணியம் அதிகம்னு அதனாலதான். 2024 லீப் வருஷம், நான் நேரா போறேன், எதிர்ல வர்றவங்க கும்பல் கும்பலா, "அடுத்த இறக்கம் வழுக்கும்", "அந்தக் கடை மூடியிருக்கு"ன்னு எல்லாருமே எனக்கு நாளைய செய்தி வாசிச்சுட்டுப் போனாங்க.

கவனிச்சீங்கன்னா அந்தக் கதையில தண்டனை குடுக்காதவனுக்கு. வாங்காதவனுக்கு ஒண்ணும் ஆகல. கேள்வி கேட்டவர் நிம்மதியா போகலாம்.

18 நவம்பர்

பர்ஸ் தொலைச்ச கதை கேட்டீங்க, என்கிட்ட இல்ல, நான் தொலைக்கல. சட்டம் சொல்றேன்: கண்டெடுத்தவங்க போலீஸ் பாக்ஸ்ல குடுத்தா மூணு மாசம் வெச்சிருப்பாங்க, முன்ன ஆறு மாசமா இருந்ததை 2007ல கொறைச்சாங்க, உடையவர் வந்தா கண்டெடுத்தவருக்கு மதிப்புல 5ல இருந்து 20 சதவீதம் வரைக்கும் கேக்க உரிமை உண்டு. பல பேர் கேக்கறது இல்ல. ஃபாரம் நெரப்பறப்பவே வேண்டாம்னு டிக் பண்ணிடுவாங்க.

21 நவம்பர்

கடைசியா நீங்க தனிச் செய்தியில கேட்டதை இங்கயே சொல்றேன், எல்லாருக்கும் ஆகும். பதிலுக்குக் குடுக்க நம்ம ஊர்ல இருந்து என்ன கொண்டு போறது? சீட்டே போதும். மனசு கேக்கலன்னா சின்னதா, எடை இல்லாததா, தனித்தனியா சுத்தினதா. நான் கோவில்பட்டி கடலைமிட்டாய் சின்னப் பாக்கெட் கொண்டு போனேன், விடுதி அம்மாங்ககிட்ட நல்லா எடுபட்டுச்சு, பல்லு இல்லாத தாத்தாங்ககிட்ட எடுபடல. நிலக்கடலை ஒத்துக்காதவங்க இருப்பாங்க, குடுக்கறப்ப கடலைப் படத்தை ஃபோன்ல காட்டிடுங்க. மைசூர்பாக்கு நெய் கசியும், முத்திரை நோட்டு நாறிடும். எள்ளுருண்டை வேண்டவே வேண்டாம், ஷோசான்ஜி ஏறி எறங்கறதுக்குள்ள பேக்ல வெறும் எள்ளுதான் இருக்கும்.